12 இன்ச் டாம் ஏன் செத்துச்சு: மவுண்ட் பத்தி ஒரு முழு நிகழ்வு ஆய்வு

கிறிஸ்துமஸ் சீசனுக்கு மூணு வாரம் முன்னாடி தாம்பரம் பக்கம் ஒரு சர்ச்ல ட்ரம்ஸ் வாசிக்கிற தம்பி போன் பண்ணான், "அண்ணா, 12 இன்ச் டாம் மட்டும் பெட்டிய தட்டுற மாதிரி டொப்புன்னு கேக்குது, ரெண்டு தடவ ஹெட் மாத்திட்டேன், இன்னும் அப்படியேதான் இருக்கு, ஷெல்லே போயிடுச்சா?"ன்னு கேட்டான், குரல்லயே அழுக தெரிஞ்சுச்சு, ஏன்னா ரெண்டு செட் ஹெட்டும் அவன் கைக்காசு. (டாம்னா ட்ரம்ஸ் செட்ல இருக்கிற ஒரு வகை ட்ரம், ஹெட்னா அதோட மேலயும் கீழயும் இழுத்து கட்டுற தோல், ஷெல்னா நடுவுல இருக்கிற மர உருளை.) எனக்கு இந்த கேள்வி வருஷத்துக்கு நாலஞ்சு தடவ வருது, ஒவ்வொரு தடவையும் ஆளுங்க மொதல்ல ஹெட்ட மாத்துறாங்க, அப்புறம் டியூனிங்க சந்தேகப்படுறாங்க, அப்புறம் ஷெல்லோட மரத்த திட்டுறாங்க, டாம புடிச்சு நிக்கிற அந்த இரும்ப, அதாவது மவுண்ட்ட மட்டும் யாரும் பாக்குறதே இல்ல. அதனால இந்த தடவ ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் என்ன பண்ணோம்னு எல்லாத்தையும் குறிச்சு வச்சேன், அதத்தான் இங்க எழுதுறேன்.

கிட், அதாவது ட்ரம்ஸ் செட், அஞ்சு பீஸ், 22 இன்ச் பாஸ், 10, 12 இன்ச் டாம் ரெண்டும் பாஸ் ட்ரம் மேல, 16 ஃப்ளோர் டாம், ஒரு ஸ்னேர். பாஸ் ட்ரம் மேல ஒரே தூண், அதுல ரெண்டு கை, ஒவ்வொரு கையும் 22 மில்லி பைப், அந்த பைப் டாமோட பிராக்கெட் வழியா ஷெல்லுக்குள்ளயே நுழையுற டைப். பிராக்கெட் ஷெல்லுல நேரா போல்ட் போட்டு இறுக்கினது, நடுவுல மெல்லிசா ஒரு ரப்பர் ஷீட். நம்ம ஊர்ல சர்ச், ஸ்கூல், கல்யாண இசைக்குழு எங்க போனாலும் இந்த மாதிரி கிட்தான் அதிகம், அதனாலதான் இந்த கேஸ் ரொம்ப பேருக்கு உதவும்னு நெனைக்கிறேன்.

நான் போன உடனே டியூனிங் கீய எடுக்கல. 12 இன்ச்ச பைப்புல இருந்து உருவி, இடது கை ரெண்டு விரலால, ஹெட்ட அமுக்கி புடிக்கிற இரும்பு வளையத்த மட்டும் புடிச்சு தொங்கவிட்டு வலது கையால ஒரு அடி போட்டேன். டூம்ம்ம்னு பாடுச்சு. தம்பி என் மொகத்தையே பாத்தான், "அண்ணா இது அதே டாம்தானா"ன்னு கேட்டான். அதே டாம், அதே ஹெட், அதே டியூனிங். திரும்ப பைப்புல மாட்டி இறுக்கி அடிச்சேன், டொப். இந்த ஒரு நிமிஷ டெஸ்ட் ஹெட்டையும் ஷெல்லையும் பெரும்பாலும் குற்றத்துல இருந்து விடுவிச்சிடும், நீங்க வேற எதுவும் ஞாபகம் வச்சுக்கலைன்னாலும் இத வச்சுக்கோங்க, கடையில காசு கொடுக்குறதுக்கு முன்னாடி டாம கையில தூக்கி புடிச்சு ஒரு அடி அடிச்சு பாருங்க.

ஆனாலும் அவசரப்படக்கூடாதுன்னு ஹெட் ரெண்டையும் கழட்டி, பாஸ்டர் வீட்டு சமையல் மேடை கிரானைட்ல ஷெல்ல கவுத்து வச்சு, லைட்ட அணைச்சிட்டு உள்ள போன் டார்ச்ச போட்டு விளிம்ப சுத்தி பாத்தோம், எங்கயும் வெளிச்சம் கசியல, மேல் விளிம்பு கீழ் விளிம்பு ரெண்டும் சமமா இருந்துச்சு. லக் (ஹெட்ட இறுக்குற ராடு வந்து திருகுற, ஷெல்லுல மாட்டின இரும்பு) ஸ்க்ரூ எல்லாம் இறுக்கம். ஹெட் ரெமோ கம்பெனியோடது, மேல ரெண்டு லேயர் எம்பரர், கீழ ஒத்த லேயர் அம்பாசடர், ரெண்டும் புதுசு. சரி, இப்ப மவுண்ட்டுதான்.

இப்ப ஏன் இப்படி ஆகுதுங்கிறத கொஞ்சம் பொறுமையா சொல்லணும், ஏன்னா இந்த இடத்துலதான் பாதி ஆளுங்க தப்பான கதைய நம்பிட்டு இருக்காங்க. வழக்கமா சொல்ற கதை என்னன்னா ஷெல்லுல ஓட்ட போட்டு இரும்பு மாட்டினா மரம் அதிர முடியாது, மரம் அதிரலைன்னா சவுண்டு செத்துடும். எனக்கு அது அவ்வளவா நம்பிக்கை இல்ல. டாம்ல நம்ம காதுக்கு வர்ற சவுண்டுல ரொம்ப பெரிய பங்கு ரெண்டு ஹெட்டும் நடுவுல அடைபட்ட காத்தும் சேர்ந்து போடுறது, மரச்சுவர் தானா உள்ளயும் வெளியயும் நெளியுறது அதுக்கு பக்கத்துல ரொம்ப சின்ன விஷயம், அதோட சொந்த சுருதியும் டாமோட அடிப்படை சுருதிக்கு ரொம்ப மேல. முக்கியமான அசைவு வேற. நீங்க மேல் ஹெட்ட அடிக்கும்போது அது கீழ போகுது, உள்ள இருக்கிற காத்து கீழ் ஹெட்டையும் தள்ளுது, ரெண்டும் சேர்ந்து ஒரே திசையில மேலயும் கீழயும் ஊஞ்சலாடுது, அப்படி அதுங்க கீழ போகுற ஒவ்வொரு தடவையும் ஷெல், வளையம், லக், பிராக்கெட்னு மிச்சம் இருக்கிற உடம்பு மொத்தமும் கொஞ்சமா மேல போகணும், படகுல இருந்து கரைக்கு குதிச்சா படகு பின்னாடி போகுதுல்ல, அதே கணக்கு.

இந்த கொஞ்சம்னா எவ்வளவுன்னு ஒரு நாள் உக்காந்து கணக்கு போட்டேன். 12 இன்ச் அகலம் 9 இன்ச் ஆழம் இருக்கிற டாமுக்குள்ள இருக்கிற காத்து கிட்டத்தட்ட 20 கிராம், ரெண்டு ஹெட்டும் சேர்த்து 60 கிராம் பக்கம், ஆக ஆடுற பொருள் 80 கிராம். டாமோட மிச்ச உடம்பு 3 கிலோ. அப்ப ஷெல் ஆடுறது ஹெட் ஆடுறதுல ஏறக்குறைய நாப்பதுல ஒரு பங்குதான் இருக்கும். கண்ணுக்கு தெரியாது, ஆனா வளையத்துல விரல் நுனிய வச்சுகிட்டு அடிச்சா சிலிர்க்கிற மாதிரி கண்டிப்பா தெரியும். இந்த சின்ன அசைவ யாராவது தடுத்தா, இல்ல இழுத்து வாங்கிகிட்டா, ஹெட்டோட சக்தி அந்த வழியா வடிஞ்சு போயிடும், பானையில மயிரிழை விரிசல் விட்டா தண்ணி போற மாதிரி. மவுண்ட் செய்யிற வேல அதுதான். டாமுல இருந்து பைப், பைப்புல இருந்து தூண், தூண்ல இருந்து பாஸ் ட்ரம் ஷெல், அங்க இருந்து பாஸ் ஹெட்டும் மேடையும்னு சக்தி நடந்தே போயிடுது. நீங்க 12 இன்ச்ச அடிக்கும்போது பாஸ் ட்ரம் முன் ஹெட்ல கை வச்சு பாருங்க, அது கூடவே முனகும், அந்த முனகல் எல்லாம் உங்க டாமுக்கு வர வேண்டியது.

நம்ம தவில் கலைஞர்கள் ஊர்வலத்துல தவில வார்ல தோள்ல தொங்கவிட்டு வாசிக்கிறத பாத்திருப்பீங்க, மரக்கட்டைய எதுவும் திருகி புடிக்கல, அது தன் பாட்டுக்கு அசைய இடம் இருக்கு. டாமையும் நம்ம கை ரெண்டு விரல்ல புடிக்கும்போது அதே சுதந்திரம் கிடைக்குது. டாமுக்கு இந்த மாதிரி இரும்பு எலும்புக்கூடு வந்ததுக்கு ஒரு சரித்திரம் இருக்கு, சுருக்கமா சொல்லிடுறேன். அமெரிக்காவுல ஆரம்ப காலத்து கிட்ல டாம்னா ஆணி அடிச்ச தோல் போட்ட சீன டாம், அத பாஸ் ட்ரம் மேல சும்மா கொக்கி மாட்டி தொங்கவிட்டாங்க. 1930கள்ல ஜீன் க்ரூபாங்கிற ட்ரம்மரும் ஸ்லிங்கர்லேண்ட் கம்பெனியும் மேல கீழ ரெண்டு ஹெட்டையும் டியூன் பண்ற டாம பிரபலமாக்கினாங்க, டாம் கனமாச்சு. அப்புறம் லுட்விக் கம்பெனி பாஸ் ட்ரம் மேல தண்டவாளம் மாதிரி ஒரு பட்டைய போட்டு அதுல டாம மாட்ட வச்சாங்க, 1950களோட கடைசியில ரோஜர்ஸ் கம்பெனி பந்தும் குழியும் வச்ச ஸ்விவ்-ஓ-மேட்டிக்க கொண்டு வந்தாங்க, எந்த கோணத்துலயும் சாய்க்கலாம். ராக் இசை சத்தமாக ஆக அடியும் பலமாச்சு, டாம் நழுவக்கூடாதுன்னு மவுண்டும் வருஷத்துக்கு வருஷம் தடிச்சுகிட்டே வந்துச்சு, பியர்ல் கம்பெனி ஷெல்லுக்குள்ளயே நுழையுற தடி பைப் போட்டாங்க. 1970கள்ல கீழ் ஹெட்டே இல்லாத டாம் ஃபேஷன், இருக்கிற ஹெட்லயும் டேப் ஒட்டி சத்தம் நிக்கிற நீளத்த கொறைச்சுதான் ரெக்கார்டிங் பண்ணாங்க, அதனால மவுண்ட் எவ்வளவு தின்னுதுன்னு அப்ப நிறைய பேருக்கு தெரியாம போயிருக்கும்ங்கிறது என் கருத்து.

அந்த காலத்தோட கடைசியிலதான் கேரி காகர்னு ஒரு அமெரிக்கர் ரிம்ஸ்னு ஒண்ண கண்டுபிடிச்சார். ஷெல்லுல பிராக்கெட்டே வேண்டாம், வளையத்துக்கு கீழ டாம சுத்தி அரைவட்டமா ஒரு இரும்பு பட்டை, ஹெட்ட இறுக்குற டென்ஷன் ராடு அந்த பட்டையில இருக்கிற ரப்பர் குரோமெட் (நடுவுல ஓட்டை இருக்கிற சின்ன ரப்பர் வளையம்) வழியா போகும், மவுண்ட் அந்த பட்டையில மாட்டும், டாம் ரப்பர்ல தொங்கும். எவ்வளவு எளிமையான யோசனை பாருங்க, எனக்கு இப்ப நெனைச்சாலும் அவர் மேல மரியாதை வருது. 1990கள்ல இருந்து பெரிய கம்பெனி எல்லாரும் அவங்கவங்க வழியில இதயே செய்ய ஆரம்பிச்சாங்க, யமஹா ஷெல்ல தொடுற இடத்த சின்னதாக்கி யெஸ் மவுண்ட், தாமா ஸ்டார்காஸ்ட், பியர்ல் ஆப்டிமவுண்ட், டிடபிள்யூவும் டென்ஷன் ராடுல இருந்தே புடிக்கிற மவுண்ட் போட்டாங்க. நல்ல விலை கிட்ல இது இப்ப சர்வ சாதாரணம். நம்ம கைக்கு எட்டுற விலையில வர்ற கிட்லதான் பழைய பைப் இன்னும் ஓடுது.

சரி கேஸுக்கு வர்றேன். ஒரு சனிக்கிழம மத்தியானம் சர்ச் ஹால்ல ஃபேன் எல்லாத்தையும் நிறுத்திட்டு (வேர்வையில நனைஞ்சே போயிட்டோம்) போன டாமுல இருந்து ரெண்டு அடி தள்ளி ஒரு ஸ்டாண்டுல வச்சு, ஒவ்வொரு நிலையிலயும் பத்து பத்து அடி ரெக்கார்ட் பண்ணோம், அப்புறம் லேப்டாப்ல ஆடாசிட்டிங்கிற சவுண்டு சாஃப்ட்வேர்ல போட்டு அலை எங்க போய் ஹால் இரைச்சல்ல கரையுதுன்னு பாத்தோம். இது லேப் அளவு கிடையாது, ஆனா ஒண்ணுக்கு ஒண்ணு ஒப்பிட போதும். டியூனிங்ல டாமோட அடிப்படை சுருதி 105 ஹெர்ட்ஸ் பக்கம், தம்பிக்கு பிடிச்ச தாழ்ந்த டியூனிங்.

கையில புடிச்சா சத்தம் ரெண்டரை செகண்ட் பக்கம் நின்னுச்சு. பாஸ் ட்ரம் மவுண்ட்ல முக்கால் செகண்டுல முடிஞ்சுச்சு. ஸ்னேர் ஸ்டாண்டுல உக்கார வச்சா ரெண்டு செகண்ட் கிட்ட, ஆனா ஸ்டாண்டோட மூணு கைய இறுக்கி வளையத்த கவ்வ விட்டா உடனே கொறைஞ்சுச்சு, தளர்த்தி சும்மா உக்கார வச்சாதான் அந்த ரெண்டு. ஸ்னேர் ஸ்டாண்டுல டாம் வைக்கிறவங்க நிறைய பேர் அது எங்கயும் போயிடக்கூடாதுன்னு முறுக்கு பிழியுற மாதிரி இறுக்கிடுறாங்க, அத பண்ணாதீங்க. அடுத்து அதே பைப் கைய பாஸ் ட்ரம்ல இருந்து எடுத்து ஒரு கனமான சிம்பல் ஸ்டாண்டுல கிளாம்ப் போட்டு மாட்டினோம், ஒரு செகண்டுக்கு கொஞ்சம் மேல வந்துச்சு, அப்ப பாஸ் ட்ரம்முக்கும் பங்கு இருக்கு, ஆனா முழு குற்றவாளி அது இல்ல.

இதுக்கு நடுவுல தம்பி ஒரு கேள்வி கேட்டான், அதுதான் இந்த கேஸ தொறந்து விட்டுச்சு. "அண்ணா, 10 இன்ச்சும் அதே தூண்லதான இருக்கு, அதே பைப்தான, அது மட்டும் ஏன் நல்லா பாடுது?" அவன் கேட்டது நூத்துக்கு நூறு சரி. இரும்பு ஷெல்ல நசுக்குதுங்கிற கதை உண்மைன்னா 10 இன்ச்தான் மொதல்ல சாகணும், சின்ன ஷெல்லுக்கு அதே கனத்த பிராக்கெட். ஆனா அது பாடுது. அப்ப நான் 12 இன்ச்ச மவுண்ட்ல வச்சே ரெண்டு ஹெட்டையும் கொஞ்சம் கொஞ்சமா ஏத்திகிட்டே போனேன், அரை சுருதி, இன்னொரு அரை, அப்புறம் இன்னொண்ணு, 125 ஹெர்ட்ஸ் தாண்டினதும் டாம் முழிச்சுகிச்சு, முழுசா இல்லன்னாலும் ஒன்றரை செகண்டுக்கு மேல நின்னுச்சு. திரும்ப 105க்கு எறக்கினேன், செத்துச்சு. அப்ப இந்த மவுண்ட் எல்லா சுருதியையும் ஒரே மாதிரி திங்கல, ஒரு குறிப்பிட்ட சுருதிய மட்டும் குறி வச்சு திங்குது.

காரணம் இதுதான். டாம் ஒரு கனம், அந்த பைப் ஒரு ஸ்பிரிங். நம்ம கண்ணுக்கு பைப் கல்லு மாதிரி தெரியுது, ஆனா எந்த இரும்பும் வளையும். 3 கிலோ கனத்த 22 மில்லி வெளி அகலம் 2 மில்லி சுவர் இருக்கிற ஸ்டீல் பைப்புல 15 சென்டிமீட்டர் தள்ளி தொங்கவிட்டா அது மேலயும் கீழயும் துடிக்கிற வேகம் பேப்பர் கணக்குல 100 ஹெர்ட்ஸ் பக்கத்துல வருது. இந்த கணக்குல பைப்போட வளைவு மட்டும்தான் இருக்கு, பிராக்கெட் நெகிழ்றது, பாஸ் ஷெல் நெகிழ்றது எல்லாம் சேர்த்தா இன்னும் கொஞ்சம் எறங்கும், ஆனா எந்த ஏரியால இருக்கோம்னு தெரிஞ்சுடுச்சுல்ல, டாம் பாட விரும்புற 105க்கு பக்கத்து வீட்டுலயே மவுண்ட் குடியிருக்கு. ரெண்டும் ஒரே சுருதிக்கு பக்கத்துல வந்தா ஹெட் அடிச்ச உடனே மவுண்ட் ஜாலியா கூட ஆட ஆரம்பிச்சு சக்திய பூரா உறிஞ்சிடும். 10 இன்ச் எடை கம்மி, அதனால அதோட மவுண்ட் துடிப்பு மேல போகுது, ஆனா அது பாடுற சுருதி அதவிட இன்னும் ரொம்ப மேல, 160 பக்கம், ரெண்டுக்கும் நடுவுல நல்ல தூரம் இருக்கு, அதான் பொழைச்சுது.

பேப்பர் கணக்க மட்டும் நம்பக்கூடாதுன்னு 12 இன்ச்சோட மேல் ஹெட்டுல ஒரு குஷன், கீழ் ஹெட்டுல ஒரு குஷன் அமுக்கி கட்டிட்டு உள்ளங்கையால வளையத்த மேல இருந்து தட்டி ரெக்கார்ட் பண்ணோம், ஹெட் சத்தம் போட முடியாது, வர்ற துங்குன்னு சத்தம் மவுண்டோட சொந்த துடிப்பு. லேப்டாப்ல பாத்தா 100 ஹெர்ட்ஸுக்கு கொஞ்சம் கீழ ஒரு மேடு. எனக்கு கை நடுங்குற அளவுக்கு சந்தோஷம். தம்பிக்கு அந்த மேட்ட காட்டி "உன் காச தின்ன திருடன் இங்கதான் இருக்கான்"னு சொன்னேன்.

திருடன் யாருன்னு தெரிஞ்சதும் காசே செலவு இல்லாத ஒரு வழிய மொதல்ல செஞ்சு பாத்தோம், டாம பைப்புல அஞ்சு சென்டிமீட்டர் வெளிய இழுத்து மாட்டினோம். பைப் நீளமானா ஸ்பிரிங் ரொம்ப சீக்கிரம் மென்மையாகும், 15 சென்டி 20 ஆனா கணக்குல 100 பக்கம் இருந்த துடிப்பு 65 பக்கம் எறங்கிடும், 105க்கு இப்ப நல்ல தூரம். டாம் ஒன்றரை செகண்டுக்கு மேல போச்சு, ஒரு பைசா செலவில்லாம. உங்க கிட்ல ஒரே ஒரு டாம் மட்டும் செத்திருந்தா மொதல்ல இத பண்ணுங்க, உள்ள தள்ளியும் பாருங்க, வெளிய இழுத்தும் பாருங்க, அந்த பைப் மேல இருக்கிற மெமரி லாக்க (வழக்கமான இடத்த குறிச்சு வைக்கிற கிளாம்ப்) ஒரு நாள் மட்டும் மறந்துடுங்க. ஆனா நம்ம தம்பிக்கு இது சரிப்படல, டாம் அவன் பக்கம் வந்து ஸ்னேர் மேல இடிச்சுச்சு, அவன் கை ஆட்டத்துக்கே இடம் இல்லாம போச்சு.

அதனால ரிம்ஸ் மாதிரியே ஒண்ண நம்மளே செய்யலாம்னு முடிவு பண்ணோம். யோசனை என்னன்னா ரப்பர்ல தொங்கினா துடிப்பு 25, 30 ஹெர்ட்ஸுக்கு எறங்கிடும், ஸ்பிரிங்ல தொங்குற எந்த கனமும் அதோட சொந்த துடிப்ப விட ஏறக்குறைய 1.4 மடங்குக்கு மேல உள்ள அதிர்வ வெளிய கடத்துறத கொறைக்க ஆரம்பிக்கும், 105 அதுல இருந்து ரொம்ப மேல, அப்ப டாமுக்கு கையில தூக்கி புடிச்ச மாதிரியே தோணும். மவுண்ட் ரோட்டுக்கு பின்னாடி ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்கு போய் டூ வீலர் ஸ்பேர் கடையில சைடு பேனல் ரப்பர் குரோமெட் ஒரு பாக்கெட் வாங்கினேன், ஸ்க்ரூ மேல பேனல் அதிராம இருக்க போடுறது, டென்ஷன் ராடு நுழையுற அளவு ஓட்டை. பட்டறையில 3 மில்லி அலுமினிய பட்டைய வளையத்தோட வளைவுக்கு வளைச்சு வாங்கினேன், மூணு லக் வர்ற நீளத்துக்கு.

மொத முயற்சி தோத்துச்சு, அது ஏன்னு சொல்றது வேல செஞ்சத சொல்றத விட முக்கியம். 12 இன்ச்ல ஆறு லக், ஒரு லக்குக்கும் அடுத்த லக்குக்கும் 60 டிகிரி. பக்கத்து பக்கத்து மூணு லக்குல மட்டும் புடிச்சா டாமோட எடையின் நடு மையம் அந்த மூணு புள்ளிக்கும் வெளிய நிக்குது, டாம் முன்னாடி கவுருது, ரெண்டு ஓர ரப்பரும் ஒரு பக்கமா நசுங்கி கெட்டியாயிடுச்சு, நசுங்கின ரப்பர் இரும்பு மாதிரிதான். சத்தம் பழசுக்கு கொஞ்சம் மேல, அவ்வளவுதான், அதுக்கும் மேல அலுமினிய பட்டை ஒரு வாரத்துல தொங்க ஆரம்பிச்சுச்சு. தம்பி மொகம் வாடிப்போச்சு, எனக்கும் ஒரு மாதிரி ஆயிடுச்சு.

ரெண்டாவது தடவ நாலு லக்குக்கு, அதாவது சரியா அரைவட்டத்துக்கு, 3 மில்லி இரும்பு பட்டை. அப்ப ஓரத்துல இருக்கிற ரெண்டு லக்கும் ஒண்ணுக்கு ஒண்ணு எதிர் எதிரா விட்டத்துல உக்காருது, எடையின் மையம் அந்த கோட்டு மேலயே வந்துடுது, அந்த ஓரத்து ரெண்டு ரப்பரும் எடைய சமமா வாங்குது, நடுவுல இருக்கிற ரெண்டும் டாம் கவுராம புடிச்சுக்குது. காகரோட பட்டை ஏன் அவ்வளவு தூரம் சுத்தி வருதுன்னு அன்னைக்குதான் எனக்கு கையால புரிஞ்சுச்சு. பழைய பிராக்கெட்ட ஷெல்லுல இருந்து கழட்டி பட்டையோட நடுவுல போல்ட் போட்டோம், பைப் இப்ப ஷெல்லுக்குள்ள போகல, பட்டைக்கும் ஷெல்லுக்கும் நடுவுல விரல் நுழையுற இடைவெளி விட்டு பைப்ப கொஞ்சம் அறுத்தோம், ஷெல்லுல இருந்த ஓட்டைய ரப்பர் மூடி போட்டு அடைச்சோம். எல்லாம் சேர்த்து 700 ரூபாய்க்குள்ள முடிஞ்சுச்சு. பட்டறை அண்ணன் ஓரத்த எல்லாம் ராவி கருப்பு பெயின்ட் அடிச்சு குடுத்தாரு, இது ட்ரம்ஸுக்குன்னு சொன்னதும் கூலி வாங்க மாட்டேன்னு நின்னாரு, வற்புறுத்திதான் குடுத்தோம்.

அதே ஹால், அதே தூரம், அதே 105. ரெண்டு செகண்டுக்கு கொஞ்சம் மேல. கையில புடிச்ச அளவுக்கு வரல, ஆனா முக்கால்ல இருந்து ரெண்டு, காதுக்கு அது வேற டாம். அதவிட எனக்கு பிடிச்சது அடியோட மொத நொடி, முன்னாடி அடி விழுந்ததும் சுருதியே இல்லாம ஒரு தட்டு மட்டும் கேக்கும், இப்ப அடிக்குள்ள சுருதி இருக்கு, மெதுவா அடிச்சாலும் இருக்கு. தம்பி மெதுவா அடிச்சு அடிச்சு கேட்டுகிட்டே இருந்தான், பாஸ்டர் வந்து லைட்ட அணைக்கணும்னு சொல்ற வரைக்கும்.

இதுல குறையும் இருக்கு, மறைக்க மாட்டேன். ரப்பர்ல தொங்குற டாம் பலமா அடிச்சா ஆடும், முன்னாடி இரும்பு மேல அடிச்சு பழகின கைக்கு அது ரெண்டு வாரம் வித்தியாசமா இருக்கும். மேல் ஹெட் மாத்தும்போது பட்டையையும் சேர்த்து கழட்டணும், நிகழ்ச்சிக்கு நடுவுல ஹெட் கிழிஞ்சா கஷ்டம். ரப்பர் வெயில்ல ரெண்டு மூணு வருஷத்துல இறுகிடும், மாத்தணும். ஞாயித்துக்கிழம சவுண்டு பாக்குற அண்ணன் டாம் ரொம்ப நீளமா ஓடுது, மைக்ல வழியுதுன்னு சொன்னாரு, அவர் சொன்னதுலயும் நியாயம் இருந்துச்சு, ஹெட் ஓரத்துல சின்னதா ஒரு மடிச்ச டேப் ஒட்டினோம், எங்களுக்கு வேணுங்கிற அளவுக்கு நீளம் கொறைஞ்சுச்சு, சுருதி அப்படியே இருந்துச்சு. மவுண்ட் திங்கும்போது நீளத்தோட சேர்ந்து சுருதியும் போயிடுது, டேப் அப்படி பண்ணாது.

ஃப்ளோர் டாம் பத்தியும் ரெண்டு வார்த்த, ஏன்னா அன்னைக்கே அதையும் பாத்தோம். 16 இன்ச்ச வளையத்துல புடிச்சு தூக்கி அடிச்சா மாதா கோவில் மணி மாதிரி நின்னுச்சு, தரையில வச்சா பாதிதான். மூணு காலும் கெட்டி ரப்பர் ஷூ போட்டு மேடை பலகையில நிக்குது, அந்த மேடை பிளைவுட்ட இரும்பு ஃப்ரேம் மேல ஆணி அடிச்சது, அதுவே ஒரு பெரிய ஹெட் மாதிரி ஆடி சக்திய வாங்கிக்கும். கடையில காத்து அடைச்ச உள் குழி இருக்கிற ரப்பர் ஷூ கிடைக்குது, நல்லாவே வேல செய்யும், ஆனா தம்பி ஒரு பழைய ஹவாய் செருப்ப எடுத்து மூணு துண்டா வெட்டி காலுக்கு கீழ வச்சான், டாம் உடனே பாடுச்சு, இழுவை ஒன்றரை மடங்கு ஆச்சு. புது செருப்பு வேண்டாம், தேஞ்சு மெத்துன்னு ஆனதுதான் நல்லா இருக்கு. கால ரொம்ப உள்ள தள்ளி வைக்காம முடிஞ்சா வெளிப்பக்கம் வளைவு இருக்கிற மாதிரி திருப்பி வைங்க, வளைவுல கொஞ்சம் ஸ்பிரிங் கிடைக்கும்.

10 இன்ச்ச நாங்க தொடவே இல்ல. அதே தூண்ல, அதே பழைய பைப்புல, ஷெல்லுக்குள்ள இரும்பு நுழைஞ்சபடியே இருக்கு, இன்னைக்கும் அழகா பாடுது. தம்பி அதுக்கும் ஒரு பட்டை போட்டுடலாமா அண்ணான்னு கேட்டான், வேண்டாம்னுட்டேன், ஆனா கிறிஸ்துமஸ் பாட்டு ஒண்ணுக்காக அவன் 10 இன்ச்சையும் நல்லா எறக்கி டியூன் பண்ண போறேன்னு சொல்லிருக்கான், எறக்கி எறக்கி அது மவுண்டோட துடிப்புக்கு பக்கத்துல போனா அதுவும் ஒரு நாள் டொப்புன்னு நிக்கும், அன்னைக்கு போன் வரும், மிச்சம் இருக்கிற குரோமெட் நாலையும் ஒரு கவர்ல போட்டு கிட் பேக்லயே வச்சிருக்கேன்.